பக்கத்துப் பிள்ளையின் நெற்றி

அந்த மருந்துக்கு நிறமே கிடையாது. ஒவ்வொரு முறையும் மங்கைக்கு அதுதான் உறுத்தும். சிவப்பு மருந்து என்றால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், வார்டுப் பிள்ளைகள் அதற்கு ரோஸ்மில்க் என்று பேர் வைத்திருந்தார்கள். இது வெறும் தண்ணீர் மாதிரி சிரிஞ்சுக்குள் நிற்கிறது, இத்தனூண்டு, இதுதான் மகளின் தலைமுடியை உதிர்த்தது, தாடையை வலிக்கவைத்தது, வலது பாதத்தை வாடிய இலை மாதிரி தொங்கவிட்டது, இதுதான் அவளைக் காப்பாற்றவும் வேண்டும். இரண்டு நர்சுகள் கட்டிலுக்கு இருபுறமும் நின்று பேரையும் மருந்தையும் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தார்கள். கனிஷ்கா, வயது ஆறு. வின்கிறிஸ்டின். வளர்மதி சிஸ்டர் குழாயில் ரத்தம் பின்னால் வருகிறதா என்று இழுத்துப் பார்த்தாள், நரம்பை விட்டு வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் சதை வெந்துபோகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள், அந்த ‘வெந்துபோகும்’ என்ற சொல் அன்றிலிருந்து மங்கையின் வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. கை எரியுதா பாப்பா என்று சிஸ்டர் கேட்டதற்குக் கனி இல்லை என்று தலையாட்டினாள். எரிந்தாலும் சொல்லமாட்டாள், சொன்னால் வேறு கையில் குத்துவார்களே. எரிந்தா சொல்லுடி கண்ணு. எரியலம்மா. ஊசி முடிந்தது, சலைன் பாட்டிலை மாட்டிவிட்டு அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள், சொட்டு சொட்டாக அது இறங்கத் தொடங்கியதும் கனி தூங்கிப்போனாள். இனி பாட்டில் காலியாகும்வரை மங்கைக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாத நேரம்தான் மோசம். வேலை இல்லையென்றால் கண் தானாக இடப்பக்கம் போகும், பக்கத்து நாற்காலிக்கு, அங்கே ஜெனிட்டாவின் மகள் ஷெரின் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இரண்டு காலையும், மேலும் கீழுமாக, விரல்களை மடக்கி விரித்து.

அந்தக் கால்களைப் பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டுப் பார்த்தாள். ஒரே மருந்துதானே, ஒரே மாசத்தில்தானே இரண்டு பேரும் இந்தச் சென்னை ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், இவள் செய்யாற்றிலிருந்து, அவள் தூத்துக்குடிப் பக்கம் ஏதோ கடற்கரை ஊரிலிருந்து. இரண்டு பிள்ளைக்கும் ஒரே ரத்தப் புற்று, ஒரே சிஸ்டர், ஒரே தண்ணி ஊசி. அங்கே போன மருந்து நோயைத் தேடிப் போய் அடித்தது, இங்கே வந்த மருந்து பிள்ளையின் பாதத்தை அடித்துவிட்டு நோயை விட்டுவிட்டது. மருந்துக்குக் கண் உண்டா. அது எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று வளர்மதி சிஸ்டர் சொன்ன நாள் ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றாலும் வரும், தினமும் ஒருதரம் அந்த இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நித்தியகல்யாணிம்மா, உங்க ஊர்ல ரோட்டோரமா ரோஸ் கலர்ல பூத்துக் கெடக்குமே, அதோட இலையிலிருந்து எடுக்குறது, கூடை கூடையா இலை போட்டாத்தான் ஒரு துளி கிடைக்கும், அதுக்காக யாரும் வீட்ல கஷாயம் வெச்சுக் குடுத்துடாதீங்க, அது விஷம், என்று சொன்னாள். மங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அவர்கள் ஊரில் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்றுதான் பேர். கல்யாணமாகி வந்த வீட்டு வாசலில் ஒரு செடி நின்றது, கனி வயிற்றிலிருக்கும்போது, மாசமாயிருக்கிற பெண் இருக்கும் வீட்டில் இது எதற்கு என்று பக்கத்து வீட்டம்மா சொல்ல, இவளே குனிந்து வேரோடு பிடுங்கித் தெருவில் எறிந்தாள். வேர் சுலபமாக வரவில்லை. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. அந்த இழுப்பு இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. ஜெனிட்டாவோ அதைக் கேட்டதும் சிரித்தாள். எங்க மாமா அதை ஏக்கர் கணக்குல போட்டிருந்தாகக்கா, தேரிக்காட்டுச் செம்மணல்ல, சின்ன வயசுல லீவு விட்டா அறுப்புக்கு நாங்களும் போவோம், கையெல்லாம் ஒரு கசப்பு ஏறிக்கிடும், சோறு தின்னா சோறும் கசக்கும், என்றாள். அதோடு விட்டாளா, வின்கிறிஸ்டின் என்று சிஸ்டர் வாசிக்கும்போதெல்லாம் எங்க சித்தி பேரும் கிறிஸ்டின்தான், சித்தி வந்துட்டா, இனி பயமில்ல, என்று மகளிடம் சொல்லுவாள், அந்தப் பிள்ளையும் சித்தி வா வா என்று கையை நீட்டும். செடி அவர்கள் செடி. மருந்தின் பேர்கூட அவர்கள் பேர். பிடுங்கி எறிந்தவளை அது எதற்குத் திரும்பிப் பார்க்கப்போகிறது. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று மங்கைக்குத் தெரியும், பிளஸ் டூவில் பயாலஜி படித்தவள், செடிக்குக் கோபம் வராது, வேதிப்பொருளுக்குச் சொந்தபந்தம் தெரியாது. தெரிந்து என்ன. தெரிந்த மனசு ஒரு பக்கமாக இருக்கிறது, தெரியாத மனசு செடியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையின் முடிவைப் போன வாரம் டாக்டர் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே காலையில், தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு. கனிக்கு நாம எதிர்பார்த்த அளவு குறையலம்மா, பயப்பட வேண்டாம், மருந்தைக் கொஞ்சம் கடுமையாக்கிப் பார்ப்போம், மறுபடி டெஸ்ட் எடுப்போம். அவர் பயப்பட வேண்டாம் என்று சொன்னபோது பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வெளியே வந்தால் ஜெனிட்டாவைக் காணோம். அவளுக்கு முதலிலேயே சொல்லியாகிவிட்டது, நோய் அணு ஒன்றுகூடத் தென்படவில்லை என்று. கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள் என்று பின்னால் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுத முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதவள் போல, சாப்பிடலாமாக்கா என்று கேட்டாள். அதைத்தான் மங்கையால் பொறுக்க முடியவில்லை. என் கண்ணெதிரில் குதித்துக் கும்மாளமிட்டிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாமே. என்னை நோகடிக்கக்கூடாது என்று சந்தோஷத்தை ஒருத்தி ஒளித்துவைத்தால், ஒளித்துவைக்கிற அளவுக்கு அது பெரிசு என்றுதானே அர்த்தம். அன்றிலிருந்து எல்லாமே கண்ணில் குத்தியது. ஷெரினுக்கு இன்றைக்கு வயிறு சரியாகப் போனது என்பது கூட. வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள், ஒரு குழந்தை கக்கூஸ் போனதற்கா பொறாமை, ஆனால் இந்த மருந்து குடலைக் கட்டிவிட, கனி நாலு நாளாக முக்கி முக்கி அழுதுகொண்டிருக்கும்போது அடுத்த வீட்டுப் பிள்ளை சாதாரணமாகப் போய்விட்டு வந்தால், பொறாமைப்படாமல் வேறென்ன செய்வது. இத்தனைக்கும் ஜெனி கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டம். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள விடுதியில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. மீன் வாடைக்குக் கனி வாந்தியெடுக்கிறாள் என்று, மீன் இல்லாமல் ஒருவேளைச் சோறு இறங்காத ஊர்க்காரி மீன் வாங்குவதையே விட்டுவிட்டாள். உலர்ந்த திராட்சையை வயிறு இளக ஊறவைத்து வடிகட்டிக் கனிக்கு முதலில் கொடுத்துவிட்டுத்தான் தன் பிள்ளைக்குக் கொடுப்பாள். மங்கையின் புருஷன் தணிகைவேல் ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான், தினமும் போனில் கனிக்கு எப்படி என்று கேட்டவுடன் அடுத்த கேள்வி, அந்தப் பொண்ணுக்கு எப்படி. அவனும் அளந்துதான் பார்க்கிறான். ஆனால் அளக்கிறது அவன் குரலில் தெரிவதில்லை, அதனால் அவன் நல்லவன்.

டோக்கன் நம்பர் வந்துவிட்டது என்று ஜெனிட்டா எழுந்தாள். ஷெரினின் ஊசி முன்னமே முடிந்திருந்தது, வீட்டுக்கு எடுத்துப்போகும் மாத்திரை வாங்குவதுதான் பாக்கி, மருந்துக் கவுண்டர் கீழே அடுத்த கட்டடத்தில் இருந்தது.

“அக்கா, இவளைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. கண்ணு சொக்குது அவளுக்கு. ஒரே ஓட்டமா போயிட்டு வந்துருதேன்.”

போய்ட்டு வா ஜெனி என்றாள் மங்கை, வாய் எப்போதும் ஒழுங்காகத்தான் பேசும். ஷெரினைத் தூக்கித் தன் பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் கனியின் தொங்கும் பாதத்தைப் பார்த்தது, கனி எப்ப ஓடுவா அத்தை என்று கேட்டது, அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை, ஆறு வயசுப் பிள்ளை வேறெப்படிக் கேட்கும், ஆனாலும் மங்கைக்கு உள்ளே ஏதோ சுருக்கென்று இழுத்தது, சீக்கிரம் ஓடுவா என்று சொல்லிவிட்டுச் சலைன் சொட்டுகளைப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு சொட்டு குழாயின் வாயில் திரண்டு, கனத்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, விழும். மருந்து குறைந்ததும் பாதம் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் மருந்தைக் கூட்டத்தானே போகிறார். கூட்டினால் நோய் போகும், கால் போகும். குறைத்தால் கால் வரும், வேறென்ன வரும். செருப்புப் போட்டால் செருப்பு கழன்று பின்னாலேயே நின்றுவிடுகிறது, பிள்ளை அது தெரியாமல் முன்னால் நடந்துபோகிறாள், விடுதி வராந்தாவில் எல்லாரும் பார்க்க. ஷெரின் ஓடிப்போய் அந்தச் செருப்பை எடுத்து வந்து கொடுப்பாள். ஏன் அவள் எடுத்து வர வேண்டும், அவள் எடுக்காவிட்டால் நான் எடுக்கமாட்டேனா. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கனம் சாய்ந்தது. ஷெரின் தூங்கிவிட்டாள். மொட்டைத் தலை மங்கையின் மேல்கையில் வந்து ஒட்டிக்கொண்டது, ஒட்டிய இடத்தில் சூடு தெரிந்தது.

பிள்ளைகள் தூங்கினால் உடம்பு சூடாகத்தான் இருக்கும். மின்விசிறி இந்தப் பக்கம் சரியாக வீசுவதில்லை. என் கைதான் சில்லென்று இருக்கிறதோ. வலது கையை எடுத்துக் கனியின் நெற்றியில் வைத்துப் பார்த்தாள், பிறகு அதே கையை ஷெரினின் நெற்றியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துவிட்டாள். காய்ச்சல். இந்த வார்டில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் கனம் வெளியே யாருக்கும் தெரியாது. மருந்து நோய் அணுக்களோடு நல்ல அணுக்களையும் கொன்றுபோட்டிருக்கும், கிருமி வந்தால் தடுக்க உள்ளே ஆள் இல்லை, காய்ச்சல் என்று தெரிந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஓடிவந்து சொல்லுங்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவாமல் வாங்க என்று முதல் நாள் உட்காரவைத்துச் சொன்னார்கள், மங்கை அதை ஜெனிட்டாவோடு சேர்ந்துதான் கேட்டாள். வளர்மதி சிஸ்டர் எதிர் வரிசையில் ஒரு பையனின் கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். சிஸ்டர் என்று ஒரு சொல். மங்கை அந்தச் சொல்லை வாய்வரை கொண்டுவந்தாள், அது அங்கே நின்றுவிட்டது, சலைன் சொட்டு மாதிரி திரண்டு, கனத்து.

இப்போது அவளுக்கும் தெரியட்டும். யார் இதைச் சொன்னது, நானா. மங்கை தன் மனசைத் திரும்பிப் பார்த்தாள், அங்கே வேறு யாரும் இல்லை. அந்தப் பிள்ளை சாக வேண்டும் என்று நினைக்கிறேனா, சீ, இல்லை, சாமி சத்தியமாக இல்லை. ஒரு நாள் போதும். ஒரே ஒரு நாள் ஜெனி என் பக்கத்துக்கு இறங்கி வரட்டும், பேனா மூடியைத் திறந்து மூடுகிற டாக்டருக்கு முன்னால் உட்காரட்டும், கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழட்டும், ஆனால் நான் அழுத மாதிரி அழட்டும். அப்புறம் எல்லாம் சரியாகிவிடலாம், நான் வேண்டாம் என்றா சொல்கிறேன். ஒரு பாட்டில் தீர்கிற நேரம் நான் பேசாமல் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும், எனக்குத் தெரியாது என்று சொன்னால் யார் நம்பமாட்டார்கள், தூங்குகிற பிள்ளையை யார் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அவளே வந்து பார்க்கட்டும், அவள் பிள்ளைதானே. செடி உங்கள் செடிதானே, சித்தி பேர்தானே, காப்பாற்றட்டுமே. சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. சிஸ்டர் பிளாஸ்திரி ஒட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வேறு கட்டிலுக்கு நகர்ந்தாள். மேல்கையில் ஒட்டியிருந்த சூடு ரவிக்கைத் துணியைத் தாண்டித் தோளுக்கு ஏறியது. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் முதலில் சுகமாக இருக்குமே, அப்படியும் இருந்தது. இந்த வார்டில் இவ்வளவு பேர்தான் பிழைப்பார்கள் என்று கணக்கு ஏதாவது உண்டா, ஒருத்தி பிழைத்தால் ஒருத்தி போக வேண்டும் என்று. அப்படிக் கணக்கு இல்லை என்றால் ஷெரின் நன்றாக இருப்பதால் கனிக்கு என்ன குறைந்துபோனது. ஒன்றும் குறையவில்லை. தெரிகிறது. தெரிந்தும் வாய் திறக்கவில்லையே. எழுந்திரு மங்கை. எழுந்திருக்கவில்லை. இந்தக் கையால்தானே செடியை இழுத்தேன் என்று ஏனோ தோன்றியது. அப்போது ஷெரின் அசைந்தாள். கண்ணைத் திறக்காமலேயே மங்கையின் முந்தானையைப் பிடித்து இழுத்துத் தன் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள், பல் லேசாகத் தந்தியடித்தது.

“யம்மா, குளுருது.”

“சிஸ்டர்,” என்றாள் மங்கை. அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை, எதிர் வரிசையில் எல்லாரும் திரும்பினார்கள். “சிஸ்டர், இவளுக்குக் காய்ச்சல் அடிக்குது.”

அதற்குப் பிறகு எல்லாம் மற்றவர்கள் கையில். தெர்மாமீட்டரைப் பார்த்த வளர்மதி சிஸ்டர் எண்ணைச் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிடச் சொல்லி ஆள் அனுப்பினாள். ரத்தம் எடுத்தார்கள், ஷெரினின் கையில் இன்னும் எடுக்காமலிருந்த ஊசிக்குழாய் வழியாகவே ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்கினார்கள், இளம் டாக்டர் ஓடிவந்து வயிறு, தொண்டை, காது எல்லாம் பார்த்தார். மங்கை ஓரமாக நின்றாள். இடது மேல்கையில் பிள்ளையின் தலை இருந்த இடம் மட்டும் இன்னும் சூடாக இருந்தது. மாத்திரைப் பையோடு உள்ளே வந்த ஜெனிட்டா வாசலிலேயே நின்று, பிறகு ஓடினாள். டாக்டர் அவளிடம், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், முதல் டோஸ் ஏறிவிட்டது, மேல் மாடிக் காய்ச்சல் வார்டில் சில நாள் இருக்க வேண்டிவரும், ரத்த அழுத்தம் எல்லாம் நன்றாகவே இருக்கிறது, என்று நிதானமாகச் சொன்னார். வளர்மதி சிஸ்டர் மங்கையைக் காட்டி, இவங்கதான் தொட்டுப் பாத்துச் சொன்னாங்க, என்றாள். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் ஜெனிட்டா வந்து மங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று வியர்த்திருந்தது. நீங்க மட்டும் இல்லன்னா என் பிள்ளை என்னக்கா ஆயிருக்கும், மாதாவா பாத்து உங்களை இருத்தி வச்சா, என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிடித்த கையை அப்படியே விட்டிருந்தால் போதும். மங்கை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், அந்த ஒரு காரியத்தில்தான் கொஞ்சம் முன்னால் அவ்வளவு கெட்டியாக இருந்தாளே. ஆனால் அந்தச் சில்லிட்ட கைகளை அவளால் தாங்க முடியவில்லை, நன்றி என்பது இப்படி மேலே ஏறி மிதிக்குமா.

“ஜெனி, நான் ஒடனே சொல்லல.”

ஜெனிட்டாவுக்குப் புரியவில்லை. என்னக்கா என்றாள்.

“எம் மேல சாஞ்சிருந்தா. காய்ச்சல்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டேன்.”

“எதுக்கு?”

“உம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. எம் பொண்ணுக்கு வரல.”

ஜெனிட்டா அவளைப் பார்த்தபடி நின்றாள். முகத்தில் கோபம் வரும் என்று மங்கை காத்திருந்தாள், வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது, வரவில்லை, முகம் எழுத்துத் தெரியாத போர்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆள் வாங்கம்மா என்று கூப்பிட்டான். ஜெனிட்டா கைகளை விட்டாள், கீழே வைத்திருந்த மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டாள், பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தபடி கூடவே நடந்துபோனாள். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. மங்கை வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, இனி கண்ணைக் குத்த அங்கே ஒன்றும் இல்லை. ஏன் சொன்னோம் என்று ஒரு பக்கம், சொன்னது போதாது என்று ஒரு பக்கம். பாட்டில் தீர்ந்ததும் சிஸ்டர் வந்து ஊசியை உருவிப் பஞ்சு வைத்தாள், நல்ல காரியம் பண்ணீங்கம்மா என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். கனி கண்ணைத் திறந்ததும் ஷெரின் எங்கே என்றுதான் கேட்டாள். காய்ச்சல், மேல வார்டுக்குப் போயிருக்கா. பாக்கப் போலாம்மா. வேணாம்டி. போலாம்மா, அவ தனியா இருப்பா. அவ அம்மா இருக்காங்க. இப்பவே போலாம்மா என்று பிள்ளை சிணுங்கினாள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து எதற்கெடுத்தாலும் அழுகை, மங்கை அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படியேறினாள். ஏறும்போது என்ன சொல்வது என்று ஒவ்வொரு வாக்கியமாகத் தேடினாள், எதையும் எடுக்க முடியவில்லை, மன்னிச்சுக்கோ என்பதுகூடத் தனக்கு ஏதோ கேட்டு வாங்குகிற மாதிரி இருந்தது.

காய்ச்சல் வார்டின் கதவில் சின்னதாகக் கண்ணாடி வைத்திருந்தது. அதன் வழியாகக் கட்டிலில் ஷெரின் படுத்திருப்பது தெரிந்தது, ஜெனிட்டா ஈரத்துணியால் அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வேகமாக வந்தாள். கதவை ஒருக்களித்துத் திறந்து, தன் உடம்பால் இடைவெளியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“கனிய எதுக்கு இங்க தூக்கிட்டு வாறிய. உள்ள எல்லாம் காய்ச்சல் பிள்ளையளா கெடக்கு. அவளுக்குத் தொத்திரும். மொதல்ல கீழ கூட்டிட்டுப் போங்க.”

அதில் அக்கா என்ற சொல் இல்லை. மங்கை அதைத்தான் முதலில் கவனித்தாள். ஷெரினுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் ஜெனிட்டா கனியைப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கோ மக்களே, என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கனி கீழ்ப்படிந்து இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்குள்ளிருந்து என்னமோ கேட்டாள், மங்கைக்குக் காதில் விழவில்லை. அவள் திரும்பிப் படியில் இறங்கினாள். சொந்தப் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது, அதுவும் இப்படி ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்ட பிறகு, இன்னொருத்தி பிள்ளைக்குத் தொத்திவிடுமே என்று ஒருத்திக்குத் தோன்றுகிறது. தானாகத் தோன்றுகிறது, யோசிக்காமல். தனக்குத் தோன்றியிருக்குமா என்று ஒரு படியில் நின்று பார்த்தாள், இல்லை என்று பதில் வந்தது, கனியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள். ஷெரினின் கால்கள் மேலும் அவள் ரத்தத்தின் மேலும் இருந்த அந்த எரிச்சல் இப்போது அங்கெல்லாம் இல்லை. ஜெனிட்டாவின் அந்த மனசின் மேல்தான் மங்கைக்குப் பொறாமையாக இருந்தது.